தரை இறங்காத தேக்கு

மார்க்கோ போலோ 1292-ஆம் ஆண்டு வாக்கில் நம்ம ஊர்ப் பக்கம் வந்து இறங்கினார். அதற்கு முன் பதினேழு வருஷம் சீனாவில் குப்ளாய் கானின் தர்பாரில் கிடந்த மனுஷன். ராஜா என்றால் சிம்மாசனம், சிம்மாசனம் என்றால் ஏழெட்டுப் படி, படிக்கு மேல் பட்டு, பட்டுக்கு மேல் ராஜா என்று ஒரு கணக்கு அவர் மனதில் இருந்திருக்கும். இங்கே வந்து பார்த்தால் பாண்டிய ராஜா தரையில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் நூற்று நான்கு பெரிய முத்தும் மாணிக்கமும் கோத்த மாலை. இடுப்பில் ஒரு துணி. அதற்குக் கீழே நேராகப் பூமி. சுற்றிலும் பிரபுக்கள், அவர்களுக்கும் அதே பூமி.

ஏன் இப்படி என்பதற்கு ஊர்க்காரர்கள் சொன்ன காரணத்தை போலோ எழுதி வைத்திருக்கிறார். மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்குத்தான் போகப் போகிறோம், ஆகவே மண்ணில் உட்காருவதைவிட மரியாதையான இருக்கை வேறில்லை என்றார்களாம். நாற்காலி வாங்காததற்கு இதைவிடப் பெரிய தத்துவத்தை எந்த அரசாங்கமும் சொன்னதில்லை. காசு இல்லாத குறை என்றும் நினைக்க வழியில்லை. கடலில் எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இல்லையென்றால் இருட்டில் எவனாவது இறங்கித் திருட்டு முத்து எடுத்துவிடுவானாம். சுறாவையே ராக்காவலுக்கு வைத்த நாட்டுக்கு ஒரு முக்காலி செய்யவா தெரியாது?

வீட்டை எல்லாரும் சாணம் போட்டு மெழுகுகிறார்கள் என்றும் போலோ குறித்திருக்கிறார். யாரும் துணியை வெட்டித் தைத்துப் போடுவதில்லை, அதனால் தையல்காரனுக்கு இங்கே வேலையே இல்லை என்றும் சொல்கிறார். வெனிஸ்காரருக்கு இதெல்லாம் அதிசயம். அவர் வந்து இறங்கிய காயல் எது என்பதில் இன்றைக்கும் வழக்கு உண்டு. பழைய காயல்தான் என்றார் கால்டுவெல். காயல்பட்டினத்தில் போய் அப்படிச் சொன்னால் காபி கிடைக்காது.

இந்தச் சங்கதியை எல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் பெரியப்பா மகன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட்டாகப் பாதி ஆயுளைக் கழித்தவர். மில்லர்புரத்தில் வீடு கட்டுகிறார். நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம்: தரை பலகையாக இருக்கணும், அதுவும் கருப்பாக இருக்கணும். “ஏ தம்பி, நம்ம துறைமுகத்துல நாள் தவறாம மரம் வந்து இறங்குது. உலகத்துக் காடெல்லாம் இங்கன வந்து கெடக்கு. அதுல ஒரு தடியை அறுத்து நமக்கு ஒரு தரை போட முடியாதா?”

நியாயமான கேள்வி. ரெண்டாயிரம் வருஷமாக இந்தக் கரையில் யாரும் பதில் சொல்லாத கேள்வியும் அதுதான்.

கொற்கையிலிருந்தே தொடங்கலாம். தரைக்கு என்ன போடுவது என்று பாண்டியனின் பழைய துறைமுகத்தைக் கேட்டால், முத்து என்று சொல்லியிருக்கும். அலை கொண்டுவந்து ஒதுக்கிய முத்துகள் கரையில் கிடந்து, ஓடுகிற குதிரைகளின் கால் குளம்பைத் தடுத்தன என்று அகநானூற்றில் ஒரு புலவர் பாடியிருக்கிறார். இதை அப்படியே நம்பினால், உலகத்திலேயே விலை கூடிய தரையும் நடப்பதற்கு மிக மோசமான தரையும் ஒன்றேதான். புலவருக்கு என்ன, அவர் நடந்தா போனார்? அதே காலத்தை ஒட்டி, ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல் வழிக் குறிப்பு எழுதிய பெயர் தெரியாத கிரேக்க வியாபாரி ஒருவர், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று போகிற போக்கில் போட்டு உடைக்கிறார். குதிரைக் குளம்புக்குப் பரிதாபப்பட்ட புலவர் இதைக் கவனிக்கவில்லை.

இந்தப் ‘பெரிப்ளூஸ்’ வியாபாரி மரக்கணக்கும் எழுதியிருக்கிறார். குஜராத்தின் பரிகாசாவிலிருந்து தேக்கு, கருமரம், கருங்காலிக் கட்டைகள் எல்லாம் பாரசீக வளைகுடாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. ரோமானியக் கவிஞர் வர்ஜில், கருங்காலி இந்தியாவில் மட்டும்தான் விளையும் என்று சத்தியம் பண்ணுகிறார். ஆப்பிரிக்காக்காரர்கள் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கலாம். செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய எகிப்தியத் துறைமுகத்தைத் தோண்டியபோது வீட்டுச் சுவர்களுக்குள் தேக்குக் கட்டைகள் கிடைத்தன. இந்தியப் பக்கம் ஓடித் தேய்ந்த கப்பலை உடைத்து, அந்தப் பாலைவனத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஆக, ரோமானியர் காலத்திலேயே நம்ம தேக்கு எகிப்தில் வீடாகிவிட்டது. அந்த வேளையில் நாம் இங்கே சாணி கரைத்துக்கொண்டிருந்தோம்.

கொற்கையைவிட்டுக் கடல் விலகியது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டத் துறைமுகம் காயலுக்குப் போனது. காயலும் தூர்ந்தபோது தூத்துக்குடிக்கு வந்தது. இந்த ஊரில் கால் வைக்கிற நிலமே நிலையில்லை என்று தெரிந்தவன் தரைக்குச் செலவு பண்ணுவானா?

போர்ச்சுகீசியரை வேகமாகக் கடந்துவிடலாம். 1530-களில் பரதவர்கள் கொச்சிக்குப் போய் அவர்களிடம் பேசி முடித்து ஞானஸ்நானம் வாங்கினார்கள். 1542-இல் சவேரியார் வந்தார். கரை முழுக்கக் கால்நடையாகவே அலைந்த அந்த மனிதருக்கு ஓலைக் குடிசையின் வெறுந்தரை போதுமானதாக இருந்தது என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவரைக் கொண்டுவந்த அதிகாரிகளுக்குத் தேக்கின் அருமை நன்றாகவே தெரியும். லிஸ்பனில் ஓக்கில் கட்டிய கப்பலைவிடக் கோவாவில் தேக்கில் கட்டிய கப்பல் நெடுநாள் உழைக்கும் என்று கண்டுகொண்டு, அத்தனை தேக்கையும் தண்ணீரில் இறக்கினார்கள். கரையில் மிஞ்சிய நல்ல மரம் கோயிலுக்குப் போனது. பனிமய மாதாவின் பொன் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தங்கத் தகட்டுக்கு உள்ளே இருப்பது மரம். அந்த மரத்தை மிதிக்க எவனுக்காவது தைரியம் வருமா?

டச்சுக்காரன்தான் நமக்கு ஆகவேண்டிய ஆள். 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தான். அதே வருஷம் யாழ்ப்பாணத்தையும். பலகைத் தரையில் தவழ்ந்து வளர்ந்த ஜாதி. ஆம்ஸ்டர்டாம் சேற்றில் மரத்தூணை இறக்கி அதன் மேல் ஊரையே நிறுத்தியவன். அவன் கைக்கு இப்போது என்னவெல்லாம் வந்திருக்கிறது பாருங்கள்: இலங்கைக் காட்டின் கருங்காலி முழுக்க, யாழ்ப்பாணத்துப் பனங்காடு முழுக்க. பாய்மரத்தை விரித்தால் மறுகரையில் தூத்துக்குடி. கருமரத் தரை போடுவதற்கு இதைவிடத் தோதான ஆள் மனித குலத்தில் அமைந்ததில்லை. அவன் போட்டானா?

போடவில்லை. கருங்காலியை வெட்டி நாற்காலி செய்தான். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் ஐரோப்பியர்களுக்கென்று கருங்காலியில் செதுக்கிக் கொடுத்த நாற்காலிகள் இன்றைக்கும் இங்கிலாந்து மாளிகைகளில் இருக்கின்றன. இதில் ஒரு கூத்து உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு, பழம்பொருள் சேர்ப்பதில் பெரிய சூரர், இந்தக் கருப்பு நாற்காலிகளைப் பார்த்துச் சொக்கிப்போனார். இவை எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்து நாற்காலிகள் என்று தாமே முடிவு கட்டி, விலைக்கு வாங்கி, தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் பெருமையடித்தார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வாங்கினார்கள். வெகுகாலம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு தமிழ்த் தச்சனோ தெலுங்குத் தச்சனோ இழைத்த நாற்காலியில் டியூடர் ராஜ பரம்பரையை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

தூத்துக்குடியில் டச்சுக்காரன் தரைக்கும் சுவருக்கும் தேடிப் பிடித்தது வேறொரு சரக்கு: பவளப்பாறை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் கொட்டிக் கிடக்கிறதே, பாறைக்குப் பாறை, சுட்டால் சுண்ணாம்பு. ஊரே அதில்தான் எழுந்தது. அவன் போன பிறகும் நாம் விடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் வெட்டி வெட்டி எடுத்தோம். விளைவு, தூத்துக்குடிக்கு முன்னால் இருந்த விலாங்குசல்லித் தீவு இன்று கடலுக்குள்ளே. வான் தீவு பாதிக்கு மேல் கரைந்து, செயற்கைப் பாறை போட்டு மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தரை போடுவதற்காகத் தீவையே மூழ்கடித்த ஊர் என்ற பெயர் வேறு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் பிரான்சில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அண்ணன் கடையில் பார்த்து மயங்கிய டிசைனின் பெயரே ‘வெர்சாய்’. பதினான்காம் லூயி தன் வெர்சாய் அரண்மனையில் முதலில் பளிங்குதான் போட்டிருந்தார். பளிங்கைத் தினமும் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் கீழே இறங்கி, தரையைத் தாங்கிய உத்திரங்களை உளுக்கடித்தது. 1684-இல் பளிங்கைப் பெயர்த்துவிட்டு மரத்துண்டுகளைக் கோலம் போல இணைத்துப் பதித்தார்கள். தண்ணீருக்குப் பயந்து அங்கே கல் போய் மரம் வந்தது. இங்கே தண்ணீருக்குப் பயந்து மரம் போய்க் கல் வந்தது. ரெண்டு பேரும் பயந்தது ஒரே தண்ணீருக்கு. வித்தியாசம் என்னவென்றால், பிரெஞ்சுக்காரன் அதற்குப் பிறகு தரையைக் கழுவுவதையே விட்டான். நம்ம வீட்டில் யாராவது பெரியம்மாவிடம் போய், தரையை இனிமேல் கழுவக்கூடாது என்று சொல்லிப் பார்க்கட்டும்.

டச்சுக் கம்பெனியின் முத்திரை வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்து. பீரங்கியிலும் காசிலும் அதைத்தான் பொறித்தார்கள். 1825-இல் டச்சுக்காரர்கள் ஊரை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு மூட்டை கட்டினார்கள். இன்றைக்கு ஒரு டச்சுக்காரன் துறைமுக வாசலில் வந்து நின்று பெயர்ப்பலகையைப் பார்த்தால், பாட்டன் சொத்து பத்திரமாக இருக்கிறது என்று கண் கலங்கிவிடுவான். அது ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயர், 2011-இல் சூட்டியது என்று யாராவது அவனை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் வந்தான். அவனுக்கு முதலில் வரவேற்புக் கொடுத்தது கறையான். லண்டன் பழக்கத்தில் மரச்சாமான் வாங்கிப் போட்டவன் எல்லாம், கட்டில் காலையும் மேஜைக் காலையும் தண்ணீர் ஊற்றிய தகரக் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்தான். நான்கு காலுக்கு நான்கு கிண்ணம். தரையே மரமாக இருந்தால் எத்தனை கிண்ணம் வைப்பது?

ஆனால் தேக்குக்காக ஒரு ராஜ்யத்தைக் கவிழ்த்த பெருமை அவனுக்கே. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி மேல் பர்மாக் காடுகளில் தேக்கு வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டியதைவிடக் குறைவாகக் கணக்குக் காட்டினார்கள் என்று மாண்டலே தர்பார் குற்றம் சாட்டி, இருபத்து மூன்று லட்ச ரூபாய் அபராதம் போட்டது. மரம் திருடியதாக மாட்டிக்கொண்டவன் சாதாரணமாக என்ன செய்வான்? அபராதம் கட்டுவான், அல்லது தரகர் பிடித்துக் குறைக்கச் சொல்வான். இவர்கள் படை பிடித்தார்கள். 1885 நவம்பரில் இரண்டே வாரத்தில் போர் முடிந்தது. பர்மாவின் தீபா மன்னரை மாட்டு வண்டியில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, சென்னையில் கொஞ்ச நாள் வைத்திருந்து, ரத்தினகிரியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர் ஊர் திரும்பவே இல்லை. பிரான்ஸுடன் போட்டி, பர்மாச் சந்தை என்று வேறு கணக்குகளும் இருந்தன என்று வரலாற்றுக்காரர்கள் திருத்துவார்கள், திருத்தட்டும். போட்ட அபராதத்துக்கு ராஜாவையே பறிமுதல் செய்த வழக்கு இது ஒன்றுதான்.

அப்புறம் பர்மாத் தேக்கு வெள்ளமாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தது. செட்டிநாட்டுக்காரர்கள் தூணுக்குத் தூண், கதவுக்குக் கதவு, உத்திரத்துக்கு உத்திரம் என்று இழைத்துக் கொட்டினார்கள். நானூறு பேர் சாப்பிட உட்காரும் வளவு, வாசலில் யானை நுழையும் நிலைக்கதவு, எல்லாம் பர்மாக் காடு. தரை? ஆத்தங்குடி ஓடு. காட்டையே தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியவர்கள், காலுக்கு மட்டும் பக்கத்து ஊர் மண்ணில் வார்த்த ஓட்டைப் பதித்துக்கொண்டு நிம்மதியாக நடந்தார்கள்.

தூத்துக்குடியிலும் வியாபாரிகளின் பழைய வீடுகளில் மச்சு உண்டு. அதுதான் அண்ணன் கேட்பதற்கு மிக அருகில் வந்த சமாச்சாரம்: உத்திரத்தின் மேல் பலகை அடித்த மாடித் தரை. அதில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மேலே ஒருவர் புரண்டு படுத்தால் கீழே பட்டாசலில் உள்ளவர்களுக்குத் தெரியும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு மச்சு அறையைக் கொடுப்பது வழக்கம். காலையில் கீழே இறங்கி வரும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் காபி குடிப்பதும் வழக்கம். இந்தத் தொல்லைக்காகவோ என்னவோ, பல வீடுகளில் பலகையைச் சும்மா விடவில்லை. அதன் மேல் மண்ணும் சுண்ணாம்பும் பரப்பி, தட்டி, மெழுகி, மரம் இருந்த அடையாளமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். தேக்குப் பலகையின் மேல் சாணம் மெழுகிய இனம் உலகத்தில் நாம் ஒருத்தராகத்தான் இருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை, கருப்பு வைர மரத்துக்குப் பர்மா வரை போக வேண்டிய தேவையே இல்லை என்பது. திருச்செந்தூர் சாலையில் தேரிக் காட்டில் நிற்கிறதே பனை, முற்றினால் அதன் வைரம் கன்னங்கரேல் என்று, ஊடே வெள்ளை வரி ஓட, பார்க்க அப்படி இருக்கும். ஆணி இறங்காது. வெளிநாட்டில் இதே மாதிரியான பனை வகைகளை அறுத்து, இழைத்து, ‘கருப்புப் பனைத் தரை’ என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். நாம் அதைப் பனங்கையாகப் பிளந்து கூரைக்கு ஏற்றினோம். யாழ்ப்பாணத்துப் பனங்கைகளை டச்சுக்காரன் இரண்டு கரைக்கும் வியாபாரம் பண்ணியதும் கூரைக்காகத்தான். எவனும் குனிந்து தரையைப் பார்க்கவில்லை.

ஆக, கருமரத் தரை என்ற ஒன்று தூத்துக்குடியில் இருந்ததே இல்லையா? இருந்தது. கரையில் இல்லை, கடலில்.

தோணியின் தளம்தான் அது. பழைய துறைமுகத்தில் ஓடாவிகள் என்ற தோணித் தச்சர்கள் தேக்கும் வாகையும் இலுப்பையும் கொண்டு, காகிதத்தில் ஒரு கோடு போடாமல் கண்ணளவிலேயே கட்டிய தோணிகள், உப்பும் வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய் வந்தன. ஜோ டி குரூஸ் ‘கொற்கை’யில் இந்த உலகத்தைத்தான் எழுதி, 2013-இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். பலகைக்குப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து, மேலே மீனெண்ணெய் பூசுவார்கள். பூசப் பூசப் பலகை கருத்துக்கொண்டே வரும். வெயிலும் உப்பும் ஆட்களின் வெறுங்காலும் சேர்ந்து பத்து வருஷத்தில் அதற்கு ஒரு நிறம் கொடுக்கும். அந்த நிறத்தைத்தான் இன்று கடைக்காரன் ‘டார்க் வால்நட்’ என்று சதுர அடிக் கணக்கில் விற்கிறான். வாசனையை மட்டும் அவனால் கொடுக்க முடியாது. மீனெண்ணெய் பூசிய தளத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுந்தவனை வீட்டு நாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

பராமரிப்பும் நேர் எதிர். கடைக்காரர் கொடுக்கும் கையேட்டில் முதல் விதி: தண்ணீர் படக்கூடாது. தோணியில் முதல் விதி: காலையும் மாலையும் கடல் தண்ணீரை வாளி வாளியாக மோந்து ஊற்ற வேண்டும். பலகை காய்ந்தால் இடுக்கு விடும். இடுக்கு விட்டால் தலைவரான தண்டலிலிருந்து சமையல்காரப் பண்டாரி வரை எல்லாரும் நீச்சலடிக்க வேண்டியதுதான். இப்படி மாதக் கணக்கில் முதல்தரத் தேக்கின் மேல் வெறுங்காலோடு வாழ்ந்த கடலோடி, கரைக்கு வந்தால் என்ன தரையில் படுத்தான்? சிமெண்ட் தரையில், பாய்கூட இல்லாமல், அப்பாடா என்று.

வ.உ.சி.யும் ஒரு மரத்தளத்துக்காகத்தான் அத்தனை பாடுபட்டார் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் பாருங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு. ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல். தூத்துக்குடிக்காரன் கொழும்புக்குப் போகும்போது தன் கால் படுகிற தளம் தனக்குச் சொந்தம் என்று நினைத்து நடந்த காலம் அது. வெள்ளைக்காரக் கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். இலவசத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இப்போது அண்ணன் வீட்டுக்கு வருவோம். துறைமுகத்தில் மரம் இறங்குவது உண்மைதான். நிலக்கரிக்குப் பக்கத்தில் மரத்தடிகளும் தூத்துக்குடியின் பெரிய சரக்கு. செங்கோட்டை வரை அறுவை மில்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் முழுத் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு தேக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. நம்ம ஊர் விதையில் முளைத்த பேரப்பிள்ளைகள், கடல் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். தோதகத்தி கேட்டால் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் தொடங்கி உலக ஒப்பந்தம் வரைக்கும் கதை போகும். கருங்காலியை இப்போது தரைக்குக் கேட்டால் சிரிப்பார்கள். மணி மணியாகக் கடைந்து கழுத்தில் போட்டுக்கொள்ள ஊரே வரிசையில் நிற்கிறது.

விலையைக் கேட்டுவிட்டு அண்ணன் மரக்கடையிலிருந்து தரைக்கடைக்கு இறங்கினார். அங்கே அவர் காதலித்த கருமரத்தை நானும் போய்ப் பார்த்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை. அதன் மேல் காகிதம். காகிதத்தில் வால்நட் மரத்தின் போட்டோ. போட்டோவின் மேல் கெட்டிப் பிசின் பூச்சு. போட்டோவில் கணு உண்டு, ரேகை உண்டு, வெடிப்புக்கூட உண்டு. மரம் மட்டும் இல்லை. ஊர்க் கடலோரம் நிஜ மரம் மலையாகக் குவிந்து கிடக்க, அதன் புகைப்படத்தின் மேல் நடப்பதற்குப் பணம் கட்டுகிற கட்டத்துக்கு வந்திருக்கிறோம்.

நான் அவருக்கு மாற்று யோசனையும் சொன்னேன். கருப்புத் தரைதான் ஆசை என்றால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பார்க்கலாம். முகம் தெரிகிற கருப்பு. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக் கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்பார்கள். பெரியம்மா இடையில் புகுந்தாள். “எத்தன முட்டை?” தெரியாது என்றேன். “மஞ்சக் கருவ என்ன செஞ்சானாம்?” அதுவும் தெரியாது. “அப்ப சும்மா கெட.”

ஆதிச்சநல்லூர் அருங்காட்சியகத்தில் இப்போது கண்ணாடித் தரையே போட்டிருக்கிறார்கள். மேலே நடந்தால் காலுக்குக் கீழே குழியில் முதுமக்கள் தாழி தெரியும். இதையும் சொன்னேன். வீட்டில் அதற்குத் தேவையான தாழி தன்னிடம் இல்லை என்றார் அண்ணன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில், தாழிக்கு ஆள் கிடைக்கும் என்று தோன்றியது.

கருந்தரைக்கு எதிராகப் பெரியம்மா வைத்த வாதங்கள் வரலாற்றை எல்லாம்விட உறுதியானவை. உப்பளத்து ஊர்; நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு இங்கேதான். வாசலைத் திறந்தால் உப்புக் காற்று. வெள்ளைத் தூசி கருப்புத் தரையில் எப்படித் தெரியும் தெரியுமா? ஈரக்கால் வைத்தால் அச்சு. வெள்ளிக்கிழமை மாவுக் கோலம் போட்டால் அது ஒன்று பொருந்தும், ஆனால் அழிக்கத் தண்ணீர் விடக்கூடாதாம். பிறகு 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடியில் எத்தனையோ தெருக்களில் வீட்டுக்குள் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சிமெண்ட் தரைக்காரர்கள் வாரியலும் வாளியுமாக இறங்கினார்கள். ஓட்டுத் தரைக்காரர்கள் சேற்றை வழித்துத் தள்ளினார்கள். அழுத்திய அட்டையில் தரை போட்டிருந்தால் அப்பளம்தான்; ஊறி, உப்பி, ஓரம் தூக்கி, அறைக் கதவைத் திறக்கவிடாது. “திரும்ப வெள்ளம் வந்தா எய்யா, ஒந்தரை மெதந்து போயி மாலத்தீவுல கரை ஒதுங்கும்” என்றாள் பெரியம்மா. தோணிக்காரர் வீட்டில் பிறந்தவள், தூரம் தெரியும்.

ஆறு மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு உடன்பாடு எட்டப்பட்டது. கீழே கிரானைட். கருப்பு மரம் வேண்டும் என்ற ஆசையும் கெடக்கூடாது என்பதால் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் முழுக்க டார்க் வால்நட். மச்சு, உத்திரம், பனங்கை என்று ஊர் வழக்கம் எதுவோ அதன்படியே மரம் தலைக்கு மேலே போய்விட்டது. மதினிக்கும் சம்மதம், ஒட்டடை அடிக்க ஆள் தனியாக வைப்பதென்றால்.

தரைக்கடைக்காரர் சாம்பிளாகக் கொடுத்தனுப்பிய ஒரு முழப் பலகை வீட்டிலேயே தங்கிவிட்டது. பெரியம்மா அதை அடுப்படியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மேல் வைத்து நண்டு உடைக்கிறாள். இதுவரை ஒரு கீறல் விழவில்லை. கடைக்காரர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.